அயலூரில் ஓர் இரவு

(விளக்கக் கட்டுரை)

நுழையும்முன்

வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்வோர் உள்ளத்தில் முதலில் எழும் வினா, "இன்றிரவு எங்கே தங்குவது?" என்பதாகும். உணவு, குளியல், உறக்கம், உடைமைகளின் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் அவ்வினாவுக்குள் அடங்கும். முன்பின் அறியாத ஒருவரை நம்பித் தன் கூரையின் கீழ் ஏற்பவர் ஒருபுறம். முன்பின் அறியாத கூரையை நம்பிக் கண்ணயர்பவர் மறுபுறம். இவ்விரு நம்பிக்கைகளும் சந்திக்கும் இடமே தங்கும் விடுதி. நாள்தோறும் பல்லாயிரவர் வந்து தங்கிச் செல்லும் திருப்பதி நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்நம்பிக்கை அன்றும் இன்றும் எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

எல்லை கடந்து வரும் குடும்பம்

சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று திருப்பதிக்கு வருவதாகக் கொள்வோம். தந்தை, தாய், பிள்ளைகள் இருவர், பாட்டி என ஐவர். அவர்கள் சென்னை விமான நிலையத்தில் இறங்குகின்றனர். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஆதலின், இங்கு இரவு எட்டு மணி ஆகும்போதே அவர்களின் உடல் பத்தரை மணி என்று உணர்ந்து உறக்கத்தை நாடும்.

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகச் சாலை திருப்பதிக்குச் செல்கிறது. திருத்தணியைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் ஊர்ப்பலகைகளில் தமிழ் எழுத்து மறைந்து தெலுங்கு எழுத்துத் தோன்றும். எழுத்து மாறினாலும் பேச்சு உடனே மாறிவிடுவதில்லை. நகரி, புத்தூர், சித்தூர் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இப்பகுதி முழுவதும் ஒருகாலத்தில் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூரே விளங்கியது. 1911ஆம் ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் உருவானபோது அம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டு திருத்தணி, தமிழ் வழங்கும் வேறு சில ஊர்களுடன் சென்னை மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் பலமுறை மாறியுள்ளன. மக்களோ இரு மொழிகளையும் கைவிடவில்லை.

மாதரியின் மனை

நம் சிங்கப்பூர்க் குடும்பம் விடுதியை அடைவதற்குள், விடுதிகள் தோன்றாத காலத்துக்கு ஒருமுறை சென்று வருவோம். அக்காலத்தில் அயலூர் சென்றோர் எங்குத் தங்கினர்?

சிலப்பதிகாரம் இதற்கு ஒரு விடை தருகிறது. புகார் நகரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் நெடுவழி நடந்து மதுரையின் புறஞ்சேரியை அடைகின்றனர். அந்நகரில் அவர்களுக்கு உற்றார் எவரும் இல்லை. உடன் வந்த கவுந்தியடிகள், அவ்வழியே வந்த மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவர்களுக்கு வேலி சூழ்ந்த சிறு மனை ஒன்றைத் தனியே அளிக்கிறாள். கோவலன் சமண நோன்பு நோற்பவன் என்பதை அறிந்து, அவர்கள் தம் முறைப்படி தாமே சமைத்துக்கொள்ள அரிசியும் காய்களும் கலங்களும் தருகிறாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக வைக்கிறாள்.

இன்றைய விடுதிகளில் நாம் எதிர்பார்ப்பவை யாவும் இங்கு இருப்பதைக் காணலாம். தனி இடம், பாதுகாப்பு, விருந்தினரின் உணவு வழக்கத்துக்கு மதிப்பு, உதவிக்கு ஓர் ஆள் ஆகியவை அவை. கோவலன் கொலையுண்ட பின்னர், தன்னை நம்பி வந்தவர்களைக் காக்க இயலவில்லையே என்று வருந்தி மாதரி தீயில் விழுந்து உயிர் துறந்ததாகக் காப்பியம் கூறுகிறது. அடைக்கலம் என்னும் சொல்லுக்கு அக்காலத்தார் எத்துணை எடை தந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

சாலையோரச் சத்திரங்கள்

வழிப்போக்கர் பெருகியபோது தனிமனிதரின் இல்லங்கள் போதவில்லை. அரசரும் வணிகரும் செல்வரும் பெருவழிகளிலும் திருத்தலங்களிலும் சத்திரங்களைக் கட்டினர். இவற்றில் தங்குவோரிடம் வாடகை பெறுவதில்லை. சத்திரத்துக்கென விடப்பட்ட நிலங்களின் வருவாயிலிருந்து செலவு நடந்தது.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் இத்தகைய சத்திரங்களை அமைத்தனர். ஒரத்தநாட்டில் உள்ள முத்தம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பியது. 1799ஆம் ஆண்டு தஞ்சை ஆட்சி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அதன் பின்னர், 1801ஆம் ஆண்டு அம்மன்னர் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு மடல் எழுதினார். சத்திரங்களில் எல்லாச் சாதியாருக்கும் எல்லா வகைப் பயணிகளுக்கும் உணவு அளிக்கப்படுவதையும், நோயுற்றோர்க்கு மருந்து தரப்படுவதையும், வழியில் பேறுகாலம் நேர்ந்த பெண்டிர் பேணப்படுவதையும், பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கப்படுவதையும் அம்மடலில் அவர் விளக்கினார். நாடு கைவிட்டுப் போன வேளையிலும் இவ்வறம் நின்றுவிடலாகாது என்பதே அவர் வேண்டுகோள்.

தமிழர் தம் நாட்டுக்குள் மட்டுமன்றிச் சென்ற இடங்களிலும் சத்திரம் கட்டினர். காசியில் நகரத்தார் நிறுவிய சத்திரம் இன்றும் தென்னாட்டுப் பயணிகளுக்குப் பயன்படுகிறது. மொழி தெரியாத ஊரில் தம் மொழியில் "வாருங்கள்" என ஒருவர் அழைப்பது எத்தகைய ஆறுதல் என்பதை அதைக் கட்டியோர் அறிந்திருந்தனர்.

மலையடிவாரத்து நகர்

பழந்தமிழர் தம் நிலத்தின் வட எல்லையாகக் கொண்டது திருவேங்கடமலை. அம்மலைக்கோயிலில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. மலைமேல் உள்ள ஊர் திருமலை. அடிவாரத்தில் உள்ள நகர் திருப்பதி.

அடிவாரத்தில் இத்தனை தங்குமிடங்கள் தோன்றியது ஏன்? 1944ஆம் ஆண்டுக்கு முன்பு மலைமேல் உந்து வண்டிகள் செல்லும் சாலை இல்லை. அடியார்கள் நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் ஏறவேண்டும். அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. நெடும்பயணத்தால் களைத்து வந்தோர் அடிவாரத்தில் ஓரிரவு தங்கி, இளைப்பாறிய பின்னரே மலையேறினர். ஆகவே அடிவாரம் சத்திரங்களின் ஊராக வளர்ந்தது. 1944இல் முதல் மலைச்சாலையும் 1974இல் இரண்டாவது மலைச்சாலையும் அமைந்தன. அதன் பின் வருவோர் தொகை பன்மடங்கு பெருகிற்று, தங்குமிடங்களும் பெருகின.

இன்று திருப்பதியில் மூவகைத் தங்குமிடங்களைக் காண்கிறோம்.

முதலாவது, இலவசக் கூடங்கள். திருமலையில் உள்ள பயணியர் வசதி மண்டபங்களில் எவரும் கட்டணமின்றித் தங்கலாம். உடைமைகளைப் பூட்டி வைக்கப் பெட்டகங்களும் உண்டு.

இரண்டாவது, திருமலை திருப்பதி தேவஸ்தானம் வாடகைக்கு விடும் அறைகள். தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசமும், பேருந்து நிலையத்துக்கு அருகில் ஸ்ரீநிவாசமும் உள்ளன. மலைமேல் உள்ள அறைகளுள் பல, நன்கொடையாளர்கள் கட்டித் தந்தவை. அவற்றின் முகப்பில் கொடையாளர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சத்திர அறம் புதிய உருவில் தொடர்வதை இங்குக் காணலாம்.

மூன்றாவது, தனியார் நடத்தும் விடுதிகள். சிறு லாட்ஜ் முதல் நட்சத்திர விடுதி வரை இவை நகரெங்கும் உள்ளன. நம் சிங்கப்பூர்க் குடும்பம் தங்கப்போவது இவற்றுள் ஒன்றில்தான்.

வரவேற்பு மேசையில்

இரவு ஒன்பது மணிக்குக் குடும்பத்தினர் விடுதியை அடைகின்றனர். வரவேற்பாளர் முதலில் தெலுங்கில் பேசத் தொடங்குகிறார். அவர்கள் தமிழர் என்பதை அறிந்ததும் தமிழுக்கு மாறுகிறார்.

வரவேற்பாளர்: வாருங்கள் ஐயா, வாருங்கள் அம்மா. முன்பதிவு செய்திருக்கிறீர்களா?

தந்தை: ஆம் ஐயா. மூன்று நாள்களுக்கு இரண்டு அறைகள் பதிவு செய்துள்ளோம்.

வரவேற்பாளர்: மகிழ்ச்சி. எல்லாருடைய கடவுச்சீட்டுகளையும் தாருங்கள். படி எடுத்துக்கொண்டு இப்போதே திருப்பித் தந்துவிடுகிறேன்.

மகள்: அப்பா, நம் கடவுச்சீட்டு இவர்களுக்கு எதற்கு?

வரவேற்பாளர்: நல்ல கேள்வி, பாப்பா. வெளிநாட்டார் எவர் இங்கே தங்கினாலும் நாங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பாட்டி: தம்பி, என்னால் படி ஏற முடியாது. கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா?

வரவேற்பாளர்: ஓர் அறை இருக்கிறதம்மா. அதன் பக்கத்து அறையையும் உங்களுக்கே தருகிறேன். கவலை வேண்டா.

அச்சிறுமியின் வினாவுக்கு விரிவான விடை தேவை. இந்தியாவில் வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் விடுதியில் தங்கினால், அவருடைய பெயர், கடவுச்சீட்டு எண், நுழைவிசைவு எண், எங்கிருந்து வந்தார் என்னும் விவரங்களை விடுதியார் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டும். 'சி படிவம்' என்று இது வழங்கப்பட்டு வந்தது. இணையம் வழியாகவே நிரப்பப்படுகிறது. இந்நாட்டுக் குடிமக்களும் ஆதார் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அடையாளச் சான்று ஒன்றைக் காட்ட வேண்டும்.

இதனை ஐயத்தின் அடையாளமாக மட்டும் கருதலாகாது. வேற்று நாட்டில் ஒருவர் நோயுற்றாலோ, வழி தவறினாலோ, கடவுச்சீட்டைத் தொலைத்தாலோ, அவர் எங்குத் தங்கியிருந்தார் என்பதை இப்பதிவே காட்டும். அன்று கவுந்தியடிகளின் ஒரு சொல்லை நம்பி மாதரி கதவைத் திறந்தாள். இன்று அச்சொல்லின் இடத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. பதிவேடு நம்பிக்கைக்கு மாற்றன்று. அறிமுகம் இல்லாதார்க்கிடையே நம்பிக்கை உண்டாக வழி செய்யும் கருவி.

சிறிய விடுதிகள் சிலவற்றில் வெளிநாட்டாரைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருப்பதில்லை. நள்ளிரவில் பிள்ளைகளுடன் வேறு விடுதி தேடி அலையும் நிலை ஏற்படாதிருக்க, முன்பதிவின்போதே இதனைக் கேட்டறிதல் நலம்.

மேலும் இரண்டு செய்திகளையும் வரவேற்பு மேசையிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, நாள் கணக்கு. சில விடுதிகளில் நண்பகல் 12 மணியோடு ஒரு நாள் முடியும். சிலவற்றில் அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாளாகும். மற்றொன்று, காப்புத் தொகை. அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தருவதாகப் பெறும் தொகை அது. அதற்குரிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும்

களைப்பு மிகுதியால் உடனே படுக்கத் தோன்றும். ஆயினும் ஐந்து நிமிடம் செலவிட்டுச் சிலவற்றைக் கவனித்தல் இன்றியமையாதது.

கதவின் பின்புறத்தில் தீ நேர்ந்தால் வெளியேறும் வழியைக் காட்டும் வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். அதனைப் பார்த்து, மாடிப்படி எப்பக்கம் உள்ளது என்பதை நேரில் சென்று அறிய வேண்டும். தீ நேரும்போது மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. படிகளின் வழியே இறங்க வேண்டும்.

சிங்கப்பூரில் மின்செருகியின் முனைகள் செவ்வக வடிவின. இந்தியாவில் உருண்டை வடிவின. ஆதலால் இணைப்பான் ஒன்று தேவைப்படும். குடிப்பதற்குக் காய்ச்சிய நீரையோ மூடி முத்திரையிட்ட புட்டி நீரையோ பயன்படுத்துவது நன்று.

விடுதியின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட அட்டையை ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் மிகுந்த திருப்பதியில் பிள்ளைகள் வழி தவறுவது எளிது. மொழி தெரியாவிட்டாலும், அவ்வட்டையைக் காவலரிடமோ கடைக்காரரிடமோ காட்டினால் அவர் வழிகாட்டுவார். இந்தியா முழுவதற்குமான அவசர உதவி எண் 112. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

தங்குவோர்க்கும் கடமைகள் உண்டு. நீரையும் மின்சாரத்தையும் வீணாக்காதிருத்தல், அடுத்த அறையில் உறங்குவோரை எண்ணி அடங்கிய குரலில் பேசுதல், பொருள்களைச் சிதைக்காதிருத்தல், அறையைத் துப்புரவு செய்வோரிடம் மரியாதையுடன் நடத்தல் ஆகியன அவை. நம் வீட்டில் நடந்துகொள்வது போலவே அங்கும் நடந்துகொள்ளல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்: சொற்களும் ஊர் விட்டு ஊர் செல்லும்

தமிழில் 'விடுதி' என்பதைத் தெலுங்கில் 'விடிதி' என்பர். திருமண நாளில் மணமகன் வீட்டார் தங்கும் இல்லத்துக்கு அச்சொல் மிகுதியாக வழங்குகிறது. தமிழில் 'சத்திரம்', தெலுங்கில் 'சத்ரம்'. 'சாவடி' என்னும் சொல் இரு மொழிகளிலும் உண்டு. ஆங்கிலேயர் அதனைச் 'சவுல்ட்ரி' எனத் திரித்து வழங்கினர். அறைக்கதவைத் திறக்கும் 'சாவி' போர்ச்சுக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது. அதற்குரிய தமிழ்ச்சொல் 'திறவுகோல்'.

'ஓட்டல்' என்னும் சொல்லில் மட்டும் கவனம் தேவை. பிற நாடுகளில் அது தங்குமிடத்தைக் குறிக்கும். நம் பேச்சுவழக்கிலோ உணவகத்தையே பெரும்பாலும் குறிக்கும். சிங்கப்பூர்க் குடும்பத்தார் ஓட்டுநரிடம் "நல்ல ஓட்டலுக்குச் செல்லுங்கள்" என்றால், அவர் சுடச்சுட இட்டலி கிடைக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிடக்கூடும்!

விருந்தினரும் விருந்தோம்புவோரும்

மூன்று நாள்கள் தங்கிய பின் அக்குடும்பத்தினர் புறப்படுகின்றனர். பாட்டி வரவேற்பாளரிடம் கைகூப்பி விடைபெறுகிறார். மகள் தான் புதிதாகக் கற்ற "தன்யவாதாலு" என்னும் தெலுங்குச் சொல்லால் நன்றி கூறுகிறாள். அவர் "நன்றி பாப்பா, மறுபடியும் வாருங்கள்" எனத் தமிழில் மறுமொழி தருகிறார்.

மாணவர்களே, சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் உங்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. பணியின் பொருட்டோ வணிகத்தின் பொருட்டோ உங்கள் பெற்றோரும் ஒருநாள் இவ்வூருக்குப் புதியவராக வந்து இறங்கியவர்களே. வீட்டுக்கு வாடகை பேசவும், பள்ளிக்கு வழி கேட்கவும் அன்று அவர்களுக்கு எவரோ ஒருவர் உதவியிருப்பார். இன்று நீங்கள் இரு மொழிகளையும் அறிந்தவர்கள். பேருந்து நிலையத்தில் தமிழில் வழி கேட்டு மருகும் ஒரு முதியவருக்காகத் தெலுங்கில் இரண்டு சொற்கள் பேச உங்களால் முடியும். பெற்றோரை அருகில் வைத்துக்கொண்டு அவ்வுதவியைச் செய்யுங்கள். திருக்குறள் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. விருந்தோம்பப் பெரிய மனை வேண்டும் என்பதில்லை. அயலாருக்குப் புரியும் மொழியில் ஒரு சொல்லும் விருந்தே ஆகும்.

அருஞ்சொற்பொருள்

அடைக்கலம் – பாதுகாப்புக்காக ஒப்படைத்தல், அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவர்
புறஞ்சேரி – நகருக்கு வெளியே அமைந்த குடியிருப்பு
மடல் – கடிதம்
கடவுச்சீட்டு – வெளிநாடு செல்வோர்க்கு அரசு தரும் அடையாள ஏடு
நுழைவிசைவு – ஒரு நாட்டுக்குள் வருவதற்கு அந்நாடு தரும் ஒப்புதல்
காப்புத் தொகை – திரும்பத் தருவதாகப் பெறும் முன்பணம்
மருகுதல் – கலங்குதல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டது ________ என்பவளிடம்.
2. சித்தூர் தனி மாவட்டமான ஆண்டு ________.
3. திருமலைக்கு முதல் மலைச்சாலை அமைந்த ஆண்டு ________.
4. 'சாவி' என்பதற்குரிய தமிழ்ச்சொல் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சத்திரங்களின் செலவு எதிலிருந்து நடைபெற்றது?
2. திருமலையின் அடிவாரத்தில் சத்திரங்கள் பெருகியது ஏன்?
3. விடுதியின் முகவரி அட்டையை உடன் வைத்திருப்பதன் பயன் யாது?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. "பதிவேடு நம்பிக்கைக்கு மாற்றன்று." இக்கருத்தைப் பாடத்தின் துணையோடு விளக்குக.
2. மாதரி தன் விருந்தினரைப் பேணிய முறையை இன்றைய விடுதி ஒன்றின் சேவையோடு ஒப்பிடுக.

ஈ. செயல்பாடு
உங்கள் குடும்பத்தினர் இவ்வூருக்கு வந்த முதல் இரவு எங்குத் தங்கினர்? அவர்களுக்கு உதவியவர் யார்? வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.